கூட்டத்தினின்று தனியே அழைத்துப் போனார்



அர்ச். மாற்கு எழுதின சுவிசேஷம் 7-ம் அதிகாரத்தில் ஒரு புதுமையை வாசிக்கிறோம். நம் ஆண்டவர் தெக்கப்போலி நாட்டின் வழியாய் வருகையில், காது கேளாதவனும் பேச்சுத் திருந்தாதவனுமான ஒருவனைச் சனங்கள் அவரிடம் கூட்டிக்கொண்டு வந்து, அவன்மேல் கையை வைக்கும்படி மன்றாடினார்கள். நூற்றுவர் தலைவனுடைய ஊழியனைத் தூரத்தில் இருந்தபடியே ஒரே வார்த்தையால் குணமாக்கியவர் அவர். இவனையும் நின்ற இடத்திலேயே குணமாக்க அவரால் கூடாதா? கூடும். ஆனாலும் அவர் முதலாவது செய்தது யாதெனில், அவனைக் கூட்டத்தினின்று தனியே அழைத்துப் போனதுதான். அதன் பிறகே அவன் காதுகளில் விரல்களை வைத்தார், நாவைத் தொட்டார், வானத்தை அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விட்டார். காது கேளாதவனுக்கு முதலில் வார்த்தை எதற்கு? அவன் உணரக்கூடிய தொடுதலைக்கொண்டே அவனிடம் பேசத் தொடங்கினார்.

இந்தச் சுவிசேஷத்தைப் பற்றி நான் பலமுறை பிரசங்கம் செய்திருக்கிறேன். ஆனால் அதன் கருத்தை எனக்குக் கற்பித்தவன் நம் பங்கைச் சேர்ந்த ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன். அவன் தாயாரின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், பிரசங்க வேளையில், அந்தப் பையன் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு வீறிட்டுக் கத்தினான். தரையில் விழுந்து புரண்டான். பலரும் திரும்பிப் பார்த்தீர்கள். நானோ ஒலிபெருக்கியிலேயே, "பிள்ளையை வெளியே கொண்டு போங்கள், அம்மா" என்று சொன்னேன். அந்தத் தாய் தலைகுனிந்தபடி போனாள். பின்பு ஏழு வாரம் அவர்களைக் கோவிலில் காணவில்லை.

எட்டாம் வாரம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவள் சொன்னாள்: "உங்க மேல கோவம் ஒண்ணும் இல்ல, சாமி. அந்த மைக்குச் சத்தம் அவனுக்குக் காதுல ஊசி குத்துற மாதிரி. வலிக்குதுன்னு சொல்ல வாய் வரல. கத்தத்தான் வருது."

பிரியமானவர்களே, அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. ஆண்டவரும் அந்த மனிதனைக் கூட்டத்தினின்று வெளியே கொண்டு போனார். நானும் அந்தப் பிள்ளையை வெளியே போகச் சொன்னேன். ஆனால் ஆண்டவர் அவனோடு கூடப் போனார். நான் அனுப்பிவிட்டேன். இந்த இரண்டுக்கும் உள்ள தூரம் எவ்வளவென்று பார்த்தீர்களா?

அந்தப் பிள்ளைக்கு இருப்பது ஆட்டிசம். 1943-ம் ஆண்டில் அமெரிக்காவில் லியோ கானர் என்னும் மருத்துவர் 11 பிள்ளைகளைக் கவனித்து இதைப் பற்றி விவரமாய் எழுதினார். அதற்குப் பின் பல ஆண்டுகள், தாயின் பாசக்குறைவே இதற்குக் காரணமென்று கற்றவர்களே சொல்லிவந்தார்கள். எத்தனை தாய்மாருடைய நெஞ்சை அந்தப் பொய் பிளந்திருக்கும்! தாமே அத்தகைய பிள்ளைக்குத் தகப்பனான பெர்னார்டு ரிம்லாண்ட் என்பவர் 1964-ல் ஒரு நூல் எழுதி அதை மறுத்தார். இது மூளையின் வளர்ச்சியில் உள்ள வேறுபாடு என்பதே இன்று மருத்துவர்கள் அறிந்த உண்மை. தாயின் குற்றமும் அல்ல, சாபமும் அல்ல, பேயின் வேலையும் அல்ல. பிறவிக் குருடனைக் காட்டி, பாவம் செய்தது இவனா, இவன் பெற்றோரா என்று சீஷர்கள் கேட்டபோது, இருவரும் அல்ல என்றே ஆண்டவர் பதில் சொன்னார். அதைக் கேட்டிருக்கிற நாம் இனி வேறு பேசலாகாது.

இப்பிள்ளைகளில் பலருக்கு ஐம்புலன்களும் நமக்குப் போல் வேலை செய்வதில்லை. நமக்குச் சாதாரணமான மணியோசை அவர்களுக்கு இடி. கன்னத்தை மெல்லக் கிள்ளுவது நமக்குச் செல்லம், அவர்களுக்கோ வேதனை. வேறு சிலருக்கு உணர்ச்சி போதாமல், சுற்றவும் குதிக்கவும் கையை உதறவும் வேண்டியிருக்கிறது. ஆட்டிசம் உள்ளவரும் பேர்பெற்ற பேராசிரியையுமான டெம்பிள் கிராண்டின், இலேசான தொடுதல் தமக்குத் தாங்கவில்லை என்றும், உடலை உறுதியாய் அழுத்தும் அணைப்பே தம்மை அமைதிப்படுத்தியது என்றும் எழுதியிருக்கிறார்.

அந்த வீட்டில் நான் கண்டதைச் சொல்லுகிறேன். பையன் கலங்கத் தொடங்கினால் தாய் அதட்டுவதில்லை, கேள்விமேல் கேள்வி கேட்பதுமில்லை. விளக்கை அணைக்கிறாள், மின்விசிறியையும் தொலைக்காட்சியையும் நிறுத்துகிறாள், இரண்டொரு வார்த்தைக்குமேல் பேசாமல் பக்கத்தில் உட்காருகிறாள். அவனாக வந்து முதுகைக் காட்டினால் இறுக அணைத்துக்கொள்ளுகிறாள், வராவிட்டால் தொடுவதில்லை. அமைதியானதும் ஊஞ்சலில் ஒரே சீராய் ஆட்டுகிறாள். ஒரு பெரிய பாத்திரம் நிறைய அரிசி. அதில் கையை முழங்கைமட்டும் விட்டு அளைவது அவனுக்குப் பெரிய சந்தோஷம். இனி நடக்கப்போவதை முன்கூட்டியே படத்தில் காட்டுகிறாள்: முதலில் குளியல், பிறகு ஊஞ்சல். அடம் வேறு, தாங்கமாட்டாமை வேறு என்பதை அவள் அறிவாள். அடம்பிடிக்கும் பிள்ளை ஒன்றைப் பெறுவதற்காக அழுகிறது. இந்தப் பிள்ளையோ ஒன்றைத் தாங்கமுடியாமல் அழுகிறது. இதற்கு அடி மருந்தாகாது.

நான் போயிருந்தபோது அவன் பாட்டில் மூடிகளை வரிசையாய் அடுக்கிக்கொண்டிருந்தான். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், திரும்பவில்லை. தாயார் சொன்னபடி நானும் தரையில் உட்கார்ந்து, சில மூடிகளை எடுத்துப் பேசாமல் எனக்கென்று ஒரு வரிசை அடுக்கினேன். அரைமணி நேரம் ஆகியிருக்கும். என் முகத்தைப் பாராமலே ஒரு நீல மூடியை என் வரிசைக்குத் தள்ளினான். பத்தொன்பது வருஷக் குருத்துவத்தில் இப்படியொரு காணிக்கை எனக்குக் கிடைத்ததில்லை.

2014-ம் ஆண்டு நவம்பரில் பிரான்சிஸ் பாப்பரசர் ஆட்டிசம் உள்ளவர்களையும் அவர்கள் குடும்பத்தாரையும் உரோமையில் வரவேற்று, இவர்களுடைய தனிமையை நீக்குவது எல்லோருடைய கடமையென்று எடுத்துரைத்தார். ஆகையால் நம் பங்கில் நாம் செய்யவேண்டிய காரியங்கள் சில உண்டு.

முதலாவது, பிள்ளை கத்தினால் திரும்பிப் பாராதிருங்கள். தாய்க்குப் புத்திமதி சொல்லாதிருங்கள். உதவி வேண்டுமா என்று மெதுவாய் ஒருமுறை கேட்டால் போதும்.

இரண்டாவது, பக்கவாசல் ஓரத்துக் கடைசிப் பலகை இனி இக்குடும்பங்களுக்கு உரியது. அங்கே இருந்த ஒலிபெருக்கியை எடுத்துவிட்டோம். எழுந்தேற்ற மணியை மெதுவாய் அடிக்கும்படி பூசைப் பையன்களுக்குச் சொல்லியிருக்கிறேன். காதடைப்பு அணிந்து வரும் பிள்ளையை யாரும் கேலி செய்யலாகாது. பிள்ளை எழுந்து நடந்தால் நடக்கட்டும். திருநாளில் வெடி போடும் நேரம் முன்னதாகவே அறிவிக்கப்படும்.

மூன்றாவது, ஞானோபதேச ஆசிரியைகள் பூசையின் பாகங்களை வரிசையாய்ப் படங்களாக வரைந்து தருவார்கள். வேண்டியவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

நான்காவது, உங்கள் வீட்டுக் குழந்தை பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாமல், வயதுக்கேற்ற பேச்சும் வராமல் இருந்தால், வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். மந்திரிக்கவும் போகாதீர்கள். குழந்தை மருத்துவரிடம் தாமதமின்றிக் காட்டுங்கள்.

போன ஞாயிறு அந்தப் பையன் தன் அக்காளோடு பக்கவாசலண்டை வந்து பத்து நிமிஷம் இருந்தான். பத்து நிமிஷம் போதும். ஆண்டவர் கணக்குப் பார்க்கிறவரல்ல.

ஞானஸ்நானச் சடங்கில் குருவானவர் குழந்தையின் காதையும் வாயையும் தொட்டுச் செபிப்பது, ஆண்டவர் அன்று சொன்ன "எப்பேத்தா" என்ற வார்த்தையின் ஞாபகமாகத்தான். திறக்கப்படு என்பது அதன் பொருள். அந்தச் சிறுவனின் காதுகள் திறந்தே இருக்கின்றன. நாம் தாங்குவதைவிட அதிகமாகவே கேட்கின்றன. அடைபட்டிருந்தவை என் காதுகளே. அவற்றைத் திறந்தருளும்படி ஆண்டவரை மன்றாடுகிறேன். நீங்களும் உங்களுக்காக அவ்வாறே மன்றாடுவீர்களாக. ஆமென்.

உங்கள் பங்குக் குரு