பட்டத்துக்கு முன் ஸ்பேனர்

எம்.பி.ஏ. நேர்காணலில் "தோல்வியைச் சந்தித்ததுண்டா?" என்று கேட்டால், பலரும் ஏதோ ஒரு செமஸ்டர் மதிப்பெண்ணைச் சொல்லித் தப்பித்துவிடுவார்கள். ஓசூரில் இதற்குக் கனமான பதில் ஒன்று இருக்கிறது.

டிவிஎஸ் மோட்டாரின் வேணு சீனிவாசன், கிண்டியில் பொறியியலும் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் மேலாண்மையும் படித்தவர். அதற்கு முன்பே விடுமுறை நாட்களில் குடும்பத்தின் பணிமனையில் மெக்கானிக் வேலை பார்த்தவர். 1979-இல் குடும்ப நிறுவனமான சுந்தரம்-கிளேட்டனின் பொறுப்பு. 1980-இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 மொபெட். அதுவரை ஏறுமுகம்தான். (வசதியான வீட்டுப் பிள்ளை என்பதையும் மறைக்க வேண்டாம்.)

1990-ஐ ஒட்டி ஆலையில் வேலைநிறுத்தம், கதவடைப்பு. 2001-இல் கூட்டாளி சுசுகியும் பிரிந்தது. ஜப்பான் தொழில்நுட்பம் போனபின் இவர்கள் என்ன செய்வார்கள் என்ற கேள்வி எழுந்த அதே ஆண்டில், சொந்த வடிவமைப்பில் ‘விக்டர்’ மோட்டார் சைக்கிள் சாலைக்கு வந்தது. 2002-இல் தரத்துக்கான டெமிங் பரிசு. அதுவும் ஜப்பானியர்கள் தருவது!

அந்தப் பரிசு ஓராண்டு உழைப்பில் கிடைப்பதல்ல. சுசுகி பிரிவதற்கு வெகுமுன்பே, தொழிலாளியின் யோசனைக்கும் காது கொடுக்கும் பழக்கம் ஆலைக்குள் வேர்விட்டிருக்க வேண்டும். எனக்குப் பெரிதாகப்படுவது இதுதான்.

ஆகவே, ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் இன்டர்ன்ஷிப் கிடைத்தால், ஏசி அறைக்கு முன் அசெம்பிளி லைனில் ஒரு வாரம் நிற்க அனுமதி கேளுங்கள். ஷிப்டு மாறும் நேரத்தில் பேச்சுக் கொடுங்கள். கொஞ்சம் கன்னடமும் தெலுங்கும் தெரிந்திருந்தால் இன்னும் நல்லது.