தூய்மையும் தூய்மை செய்வோரும்

 

தூய்மை ஈமானில் பாதி என்பதை நம் வீட்டுச் சிறு பிள்ளையும் அறியும். ஒளு செய்கையில் குதிகாலில் ஒரு விரற்கடை நனையாமற் போனாலும் ஒளு கூடாது என்று சொல்லித்தானே வளர்க்கிறோம்! ஆனால் நம் தெருவையும் சாக்கடையையும் கழிப்பறையையும் தூய்மையாக்கித் தருகிறவர் வாசலில் வந்து நின்றால், நம் முகம் ஏன் சுளிக்கிறது?

மதீனாப் பள்ளிவாசலைக் கூட்டிப் பெருக்கி வந்த கறுப்பினத்து மாது ஒருவரின் செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. அவர் மரணமடைந்தார். இதற்காக நாயகம் (ஸல்) அவர்களைச் சிரமப்படுத்துவானேன் என்று எண்ணித் தோழர்கள் அடக்கம் செய்துவிட்டார்கள். பெருக்குகிறவர்தானே என்ற எண்ணம் அவர்கள் உள்ளத்திலும் இருந்தது போலும். சில நாளில் அண்ணலார் அவரைக் காணாமல் விசாரித்தார்கள். இறந்த செய்தி கேட்டதும், எனக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று கடிந்து, அடக்கத்தலத்தைக் காட்டச் சொல்லி அங்கேயே நின்று ஜனாஸாத் தொழுகை தொழுதார்கள். நம் மஹல்லாவில் நாள்தோறும் குப்பை அள்ளுகிறவர் ஒரு வாரம் வராவிட்டால் நாம் கேட்பது என்ன? குப்பை ஏன் எடுக்கப்படவில்லை என்றுதான் கேட்கிறோம். ஆளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பவர் எத்தனை பேர்?

இன்னொன்று. தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால் அவருக்கென்று தனித் தம்ளர் எடுக்கும் வீடுகள் நம்மிடையேயும் உண்டு. மறைக்க வேண்டாம். மனிதன் வாய் வைத்து மீந்த தண்ணீர் தூய்மையானதே. அவர் எம்மதத்தவராயினும் சரியே என்று ஃபிக்ஹு நூல்கள் கூறுகின்றன. கையிலும் துணியிலும் பட்ட அசுத்தம் கழுவினால் போய்விடும். தம்ளரைப் பிரித்து வைக்கும் வழக்கம் மார்க்கத்திலிருந்து வந்ததன்று, சாதியிலிருந்து வந்தது.

இனி, உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்துக்கு வருகிறேன். தருமபுரியை அடுத்த அதியமான்கோட்டை போன்ற ஊர்களில் வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க்தான். அது நிரம்பினால், கொஞ்சம் பணம் கொடுத்து ஓர் ஆளை உள்ளே இறக்கிவிடலாம் என்று நினைப்பவர் இன்றும் இருக்கிறார்கள். தேங்கிய கழிவு அழுகும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு என்னும் நச்சு வாயு உண்டாகிறது. குறைவாக இருக்கும்போது அது அழுகிய முட்டை போல நாறும். மிகுந்துவிட்டாலோ நுகரும் உணர்வையே மரத்துப் போகச் செய்துவிடும். நாற்றம் அடங்கிவிட்டது, இறங்கலாம் என்று எண்ணுகிற அந்த நேரமே மரண நேரமாகலாம். விழுந்தவரைத் தூக்க இறங்கிய இரண்டாமவரும் மாண்ட செய்திகளை எத்தனை முறை படித்துவிட்டோம்! தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பதும் ஆபத்தே. உள்ளே மீத்தேன் இருக்கும், அது தீப்பற்றும்.

நாட்டுச் சட்டமும் இதைத் தடுக்கிறது. பாதுகாப்புச் சாதனங்கள் இன்றி மனிதரை இறக்கிச் சாக்கடையையோ செப்டிக் டேங்கையோ சுத்தம் செய்ய வைப்பதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. முதன்முறைக்கே 2 ஆண்டு வரை சிறையோ, 2 லட்ச ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். நகராட்சி, ஒப்பந்தக்காரர் மட்டுமல்ல, வேலைக்கு அமர்த்தும் எவரும் இதில் அடக்கம், வீட்டுக்காரரும்தான். சாக்கடையில் மாண்டவர் குடும்பத்துக்கு 10 லட்சம் தரவேண்டும் என 2014இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. பணம் கொடுத்துத் தீர்த்துவிடலாம், சரி. ஓர் உயிரை அநியாயமாய்ப் போக்குவது மனித குலம் முழுவதையும் கொன்றதற்கு ஒப்பாகும் என்று கூறும் இறைமறையின் முன் என்ன பதில் சொல்வோம்? அவர் வறுமையால் தானே ஒப்புக்கொண்டு இறங்கினார் என்பது பதிலாகுமா?

தாங்க முடியாத வேலையைப் பணியாளர் மீது சுமத்தாதீர்கள், சுமத்தினால் நீங்களும் கைகொடுங்கள் என்பது அண்ணலாரின் கட்டளை. இந்தத் தொட்டிக்குள் நம்மில் யார் இறங்கிக் கைகொடுப்போம்? நாம் இறங்கத் துணியாத இடத்தில் பிறரை இறக்குவது எவ்வகையில் நியாயம்?

செய்ய வேண்டியது கடினமானதன்று. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, கசடு இறுகுமுன்பே, கழிவுநீர் உறிஞ்சும் லாரியை அழையுங்கள். சந்துக்குள் லாரி நுழையாவிட்டால் நீளக் குழாய் கொண்டுவரச் சொல்லுங்கள். கூடுதல் கட்டணம் கேட்டால் முணுமுணுக்காமல் கொடுங்கள். மூடியைத் திறந்தால் பிள்ளைகளை அருகே விடாதீர்கள். பள்ளிவாசல் கழிப்பறைக்கும் ஒரு தொட்டி உண்டு. அது கடைசியாக எப்போது, எப்படிச் சுத்தம் செய்யப்பட்டது என்று வரும் ஜும்ஆவுக்குப் பின் முத்தவல்லியிடம் கேளுங்கள். ஒளுச்செய்யும் இடத்தைக் கழுவித் தருகிறவருக்குச் சம்பளம் எத்தனாம் தேதி கிடைக்கிறது என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.