சாமி கும்பிடாதவர் யோகம் தொடங்கலாமா?

கெலவரப்பள்ளி அணைப் பக்கம் குடியிருந்து ஓசூர் சிப்காட்டில் ஷிப்டு வேலை பார்ப்பவருக்கு இடுப்புவலியும் கெட்ட தூக்கமும் புதிதல்ல. யோகா கற்கலாம் என்று நினைத்ததுமே ஒரு தயக்கம் எழும்: இது உடற்பயிற்சியா, சமய சாதனையா? கடவுளை நம்பாதவரும் வேறு கடவுளை வணங்குபவரும் பாயை விரிக்கலாமா?

நியாயமான கேள்வி. பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் 195-க்குக் குறையாத சூத்திரங்கள். ஆசனத்துக்கு மூன்றே மூன்று. உறுதியும் சுகமுமாக இருக்கும் நிலையைத்தான் அது ஆசனம் என்கிறது. ஈசுவரனிடம் சரணடைவது அது சொல்லும் நியமங்களில், அதாவது ஒழுக்கங்களில், உண்டு. ஆனால் மனம் ஒடுங்கும் வழிகளைச் சொல்லும்போது அதைப் பலவற்றில் ஒன்றாகவே வைக்கிறது. திருமூலர் வேறு மாதிரி. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் அவர் விரிக்கும் அட்டாங்க யோகத்தைச் சிவபக்தியிலிருந்து பிரிக்கவே முடியாது.

கர்நாடக எல்லைக்கு அப்பால், கோலார் மாவட்டத்துப் பெல்லூரில் 1918-இல் பிறந்தவர் யோக ஆசிரியர் பி.கே.எஸ். ஐயங்கார். காசநோய், மலேரியா, டைபாய்டு என்று நோய்களோடே வளர்ந்த பையன். 1934-இல் மைசூர் சென்று, அக்காள் கணவர் கிருஷ்ணமாச்சாரியாரிடம் ஆசனம் பழகத் தொடங்கினார். முக்தி தேடி அல்ல, உடம்பு தேற. தத்துவம் பின்னால் வந்தது.

குருவோ ஆழ்ந்த வைணவர். ஆனாலும் பயிற்சியை ஆளுக்கேற்ப மாற்றுவதே அவர் பிற்காலத்தில் வலியுறுத்திய வழி. மகன் தேசிகாச்சார் 1976-இல் சென்னையில் நிறுவிய கிருஷ்ணமாச்சாரிய யோக மந்திரத்தின் அடிப்படையும் அதுவே.

ஆகவே, தயங்குபவரே, நம்பிக்கையை முடிவுசெய்துவிட்டு வரவேண்டியதில்லை. பழைய வலியிருந்தால் மருத்துவரைக் கேளுங்கள். நல்ல ஆசிரியரிடம், முடிந்த அளவில் தொடங்குங்கள்.