அஸ்திபாரத்தின் பரீட்சை

வருஷத்தில் பெரும்பகுதி நீரின்றி வெறும் மணற்பரப்பாய்க் கிடக்கும் பாலாற்றைப் பார்த்துப் பழகிய வேலூர்ப் பகுதி மக்களுக்கு, மலைப்பிரசங்கத்தின் முடிவில் இயேசுநாதர் உரைத்த, ஒருவன் கன்மலையின்மேலும் மற்றொருவன் மணலின்மேலும் கட்டிய இரண்டு வீடுகளின் உவமைக்கு விளக்கவுரை வேண்டியதில்லை. கோடையில் அந்த மணல் கெட்டித்தரையாகவே தோன்றும். அதன் விளிம்பில் வீடு கட்டியவனைப் பேதை என்று யாரும் அப்போது சொல்லமாட்டார்கள். ஆனால் 1903ஆம் ஆண்டு நவம்பரில் அதே ஆறுதான் பெருகி வந்து வாணியம்பாடியில் பேரழிவை விளைத்தது. 2021ஆம் ஆண்டு நவம்பரிலும் இரு கரையும் புரள ஓடித் தன் வேகத்தை இந்தத் தலைமுறைக்கும் காட்டிற்று. மணலின் குணம் வெயிலில் தெரிவதில்லை, வெள்ளத்தில்தான் தெரிகிறது.

இந்த உவமையை அவசரமாகப் படிப்போர், கிறிஸ்துவை நம்பினவனுக்குத் துன்பம் நேராது என்ற பொருளை அதன்மேல் ஏற்றிவிடுகிறார்கள். மத்தேயு சுவிசேஷத்தின் ஏழாம் அதிகாரம் அப்படிச் சொல்லவில்லை. மழையும் வெள்ளமும் காற்றும் இரண்டு வீட்டையும் பாரபட்சமின்றித் தாக்குகின்றன. இன்னும் ஊன்றி நோக்கினால், வீடு கட்டிய இருவருமே அவருடைய வார்த்தையைக் கேட்டவர்கள்தாம் என்பதும் விளங்கும். கேட்டபடி செய்தவன் ஒருவன், கேட்டதோடு நின்றுவிட்டவன் மற்றொருவன், பேதம் அவ்வளவே. ஆகவே கிறிஸ்துவை அஸ்திபாரமாகக் கொள்வதென்பது மனத்துக்கு இதமளிக்கும் ஓர் உணர்ச்சியன்று. அவர் சொல்லின்மேல் தன் பாரத்தையெல்லாம் இறக்கி வைத்து, அதன்மேலேயே நாள்தோறும் கட்டிக்கொண்டு போகிற காரியம்.

இதற்குச் சாட்சி தேடி நெடுந்தூரம் போகவேண்டாம். வேலூருக்குத் தெற்கே, பாறைக் குன்றின் அடிவாரத்தில் இருக்கிறது பாகாயம். ஐடா ஸ்கடர் அம்மையார் 1918ஆம் ஆண்டு பெண்களுக்கென்று தொடங்கிய மருத்துவப் பள்ளி 1932இல் இங்கே குடியேறிப் பின்னர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாய் ஓங்கியது. அந்த அம்மையார் வைத்தியப் பட்டம் பெற்று 1900ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்நாடு திரும்பியபோது, அனுபவம் மிக்க டாக்டராகிய தந்தையின் அருகிலிருந்து தொழில் பழகலாம் என்று எண்ணியிருந்தார். சில மாதங்களுக்குள் தந்தையோ காலமானார். எந்த நிழலை நம்பி வந்தாரோ அந்த நிழலே நீங்கியபின்னும் வேலை நின்றுபோகவில்லை. 1902இல் நாற்பது படுக்கைகள் கொண்ட மருத்துவமனை வேலூரில் எழுந்தது.

அந்தக் கல்லூரியிலே பயின்ற டாக்டர் மேரி வர்கீஸின் சரித்திரம் இன்னும் ஆழமான பரீட்சையைக் காட்டுவது. கேரளத்துப் பெண்மணியாகிய அவர், இளம் டாக்டராய்த் தொழிலில் அடியெடுத்து வைத்த பருவத்தில், 1954ஆம் ஆண்டு நேர்ந்த ஒரு வாகன விபத்தில் முதுகெலும்பு முறிந்து இடுப்புக்குக் கீழே உணர்வும் இயக்கமும் இழந்தார். பக்தியுள்ள அவருக்கும் மனம் இருண்டுதான் போயிற்று. அந்நிலையில், தொழுநோயாளரின் கைகளைச் சீர்ப்படுத்தும் சிகிச்சையில் புதுவழி கண்டிருந்த டாக்டர் பால் பிராண்ட், கைகளில் செய்யும் அறுவைக்கு நிற்கவேண்டியதில்லை, உட்கார்ந்தே செய்யலாம் என்று அவருக்கு எடுத்துக்காட்டினார். நோய் நரம்பைக் கெடுப்பதால் விரல்கள் உள்ளே வளைந்து மடங்கிவிடும்; கெடாமலிருக்கும் வேறொரு தசையின் நாணை எடுத்து, செயலிழந்த தசையின் வேலைக்கு அதை மாற்றிப் பொருத்துவார்கள்; பிறகு வாரக்கணக்கில் பயிற்சி கொடுத்து, அந்த விரல்கள் சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோகும்படி செய்வார்கள். நடக்கமாட்டாத அந்த டாக்டர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி, பிடிக்கமாட்டாத கைகளுக்குப் பிடிக்கும் சக்தியை மீட்டுக்கொடுத்தார். பின்னர் அமெரிக்கா சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, அத்துறைக்குத் தலைவராகி, 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் உருவாகக் காரணமானார். 1972இல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது.

இதெல்லாம் அவருடைய மனத்திண்மையின் பலனன்றோ, இதில் கிறிஸ்துவுக்கு என்ன பங்கு என்று வினவுவோர் உண்டு. கிறிஸ்துவின் நாமத்தை அறியாத உத்தமர்களும் இவ்வாறே துன்பத்தை வென்றிருக்கிறார்கள் என்பது மெய். அவர்களைப் போற்றுவதில் நமக்குக் குறைவில்லை. ஆயினும் மனத்திண்மை எப்போதும் நம் வசத்தில் இருப்பதன்று. பேரிடி விழுகையில் முதலில் நொறுங்குவது பெரும்பாலும் அதுவே. செல்வமும் உத்தியோகமும் அத்தகையவையே. கடல்கடந்த தேசத்து வியாபாரி ஒருவர் ஆர்டரை நிறுத்தினால் இங்கே தங்கள் வீட்டு அடுப்பு எரியாமற் போகும் என்பதை ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் உழைப்போர் அறிவார்கள். விசுவாசமுங்கூட ஏறியிறங்கும் தன்மையுடையது: காலையில் உறுதியாயிருக்கும், இரவில் தளரும். ஆகையால் நம் விசுவாசத்தின் பலம் அஸ்திபாரமாகாது. நாம் விசுவாசிக்கிறவரே அஸ்திபாரம். பாடுபட்டு, கைவிடப்பட்டு, மரணத்துக்குள்ளும் இறங்கி எழுந்த ஒருவர் நமக்குக் கீழே இருப்பாராயின், நம் துயரம் எவ்வளவு தாழ இறங்கினாலும் அவருக்குக் கீழே இறங்கிவிட முடியாது. தளர்ந்தவனும் தைரியமாய் அவர்மேல் சாயலாம் என்பதற்கு ஆதாரம் இதுதான்.

ஆனால் சாய்ந்திருப்பதோடு நின்றுவிடலாகாது. அஸ்திபாரம் போடுவது அதன்மேல் கட்டுவதற்காகவே. ஞாயிறுதோறும் வார்த்தையைக் கேட்டு மெச்சிவிட்டுத் திங்கட்கிழமை பழைய மணலிலேயே வீடு கட்டுகிறவனுக்கு, அவன் கேட்ட பிரசங்கங்களே விரோதச் சாட்சிகளாகும். வாசகரே, அவர் கட்டளைகளுள் உமக்கு ஏற்கெனவே நன்றாய்த் தெரிந்த ஒன்றையாவது, மன்னிக்கவேண்டியவரை மன்னிப்பதோ, பொய்க்கணக்கைத் திருத்துவதோ, நோயுற்ற அயலானைப் போய்ப் பார்ப்பதோ, இன்றைக்கே செய்யும். வெள்ளம் வந்தபின் அஸ்திபாரம் தோண்ட ஒருவருக்கும் அவகாசம் கிடைப்பதில்லை.