அறிந்தவர் கடன்

சென்ற தவணைப் பரீட்சையிலே எமது பாடசாலையின் பத்தாந்தர மாணவி ஒருத்தி, பெனிசிலினைக் கண்டறிந்தவர் அலெக்சாந்தர் பிளெமிங், ஆண்டு 1928 என எழுதி முழுப் புள்ளியும் பெற்றாள். அதே கிழமையில், பாடசாலை விட்டபின் ஒரு கொப்பியோடு எம்மிடம் வந்து நின்றாள். அது அவளுடைய தாயாரின் கிளினிக் கொப்பி. சித்தாண்டிக்கு மேற்கேயுள்ள வயல்களிலே கூலிக்குக் களைபிடுங்கி வாழ்பவர் அவர். ‘இதில் என்ன எழுதியிருக்கிறது என்று அம்மாவுக்குத் தெரியவேணுமாம், சேர்’ என்றாள்.

கொப்பியின் முதற்பக்கத்திலே, ஆங்கிலத்தில், அவசரத்தில் கிறுக்கிய சுழிகளாகச் சிவப்பு மையில் ஒரு வரி இருந்தது. தமிழை விசேட பாடமாகக் கற்றுப் பட்டம்பெற்ற எமக்கு அதனை வாசிக்க இரண்டு முறை வேண்டியிருந்தது. பின்னர் மருந்துக்கடைக்காரரிடமும் காட்டி உறுதிசெய்தோம். பெனிசிலின் இவருக்குக் கொடுக்கலாகாது என்பதே அவ்வரியின் பொருள். அந்த எச்சரிக்கையை அவர் மூன்று வருடங்களாகப் பையிலே சுமந்து திரிந்திருக்கிறார். யாருக்கு அது வேண்டியதோ அவருக்கு மட்டும் அது தெரியாது.

அந்த வரியை எழுதிய வைத்தியரை நாம் குறைகூறவில்லை. உச்சிப்பொழுதுக்குள் நூறு நோயாளரைப் பார்த்து முடிக்கவேண்டியவர் அவர், எழுதவேண்டியதை எழுதிவிட்டார். நாம் கேட்பது வேறு. ஓர் அறிவு கண்டுபிடிக்கப்பட்டதோடு அதன் கதை முடிந்துவிடுகிறதா? அறிந்தவனுக்கு, அறியாதவன்பால் ஏதேனும் கடன் உண்டா?

மருத்துவ வரலாற்று நூல்களை எடுத்துப் பார்ப்போர் அவை பெரும்பாலும் கண்டுபிடித்தோரின் வரிசையாகவே அமைந்திருத்தலைக் காண்பர். இப்போக்கிராத்தர் தொடங்கி, மனித உடலை அறுத்தாய்ந்து 1543இல் நூல் வெளியிட்ட வெசாலியசு, குருதிச் சுற்றோட்டத்தை 1628இல் விளக்கிய ஹார்வி, பாஸ்டர், பிளெமிங் எனத் தலைகள் தலைகளாக அவ்வரிசை நீளும். இவர்கள் பெரியோர் என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயின் அதே வரலாற்றுக்குள்ளே வேறொரு வழக்கும் நெடுங்காலம் நடந்து வந்திருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டுப் பிரான்சிலே அம்புருவாசு பாரே என்றொருவர் இருந்தார். சவரத் தொழிலோடு சேர்ந்த இரணவைத்தியத்திலே பயின்று, போர்க்களங்களிற் கைதேர்ந்து, அரசர்களுக்கே வைத்தியரானவர். அவருக்கு இலத்தீன் தெரியாது. பிரெஞ்சு மொழியிலே எழுதினார். 1575இல் அவருடைய நூற்றொகுதி வெளிவந்தபோது பாரிசு மருத்துவ பீடத்தார் கொதித்தெழுந்தனர். அவர்கள் காட்டிய குற்றங்களுள் ஒன்று, மருத்துவத்தை நாட்டுமொழியிலே எழுதிவிட்டார் என்பதாகும். 1649இல் இலண்டன் மருத்துவர் கழகத்தின் மருந்துநூலைக் கல்பெப்பர் ஆங்கிலத்திற் பெயர்த்தபோதும் கழகத்தார் இவ்வாறே சினந்தனர். ஆம், இன்று எமக்கு எட்டாமல் நிற்கும் ஆங்கிலமே அன்று இலத்தீனின் வாயிலிலே காத்துநின்ற மொழி.

இவ்வழக்கு எமது நாட்டிலும் ஒருமுறை விசாரிக்கப்பட்டது. மசச்சூசெற்சைச் சேர்ந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க மிஷன் வைத்தியர் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார்; அடுத்த ஆண்டிலே மானிப்பாயில் மாணவருக்கு மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். முதலிற் கற்பித்தது ஆங்கிலத்திலேதான். கற்றுத் தேறியோர் கிராமத்தை விட்டு அரசாங்க உத்தியோகத்துக்குப் போய்விடுவதை அவர் கண்டார். தமிழிலே கற்றவன் தமிழரிடையே தங்குவான் என்று கருதி 1860களிற் போதனாமொழியைத் தமிழாக்கினார். உத்தியோகத்துக்கும் மொழிக்குமுள்ள உறவை இத்தனை வெளிப்படையாக உணர்ந்து, அதன்படி செயலாற்றியோர் அன்று மிகச் சிலர்.

கற்பிக்க நூல் வேண்டுமே! 1857இற் பிரசவ வைத்திய நூல் தமிழில் வந்தது. வியன்னாவிலே செம்மல்வைசு, மகப்பேற்றுக் காய்ச்சலைத் தடுக்கக் கைகழுவுமாறு மன்றாடிப் பத்தாண்டு கழிந்திருந்த காலம் அது. 1867இல் இரண வைத்தியம் வெளிவந்தது. 1858இல் இலண்டனில் வெளியான கிரேயின் உடற்கூற்று நூல், பதினான்கே ஆண்டுகளில், 1872இல், ‘மனுஷ அங்காதிபாதம்’ எனத் தமிழாயிற்று. தொடர்ந்து இரசாயனம், உடற்றொழில், மருந்துப் பொருள் என நாலாயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்கள் வந்தன. 1873இல் நாடு திரும்பிய பின்னும், 1884இல் இறக்கும்வரை, கிறீன் அங்கிருந்தே இப்பணியை விடாது செய்தார்.

கவிஞர் அம்பி கிறீனைப் பற்றி எழுதி எமக்கு நினைவூட்டியமை நன்றிக்குரியது. ஆயினும் கிறீன் ஒருவரே இவ்வளவும் செய்தார் எனக் கூறின், முன்னர் நாம் குறைகண்ட அதே தலைவரிசைப் பிழையை நாமும் செய்தவராவோம். பெயர்த்தவருள்ளும் திருத்தியவருள்ளும் அவருடைய மாணவர் பலர். டான்போர்த், சப்மன், எவாட்ஸ், போல்: இவையே நூல்வரலாற்றிலே நிற்கும் பெயர்கள். வெள்ளைக்காரர் பெயர்களல்லவா என வாசகர் மயங்கக்கூடும். அல்ல, இவர்கள் தமிழர். மிஷன் பாடசாலைகளிலே மாணவருக்கு அமெரிக்க உபகாரிகளின் பெயர்களைச் சூட்டும் வழக்கம் இருந்தது. தமிழுக்கு மருத்துவ நூல் தந்த கைகள், தாய் அழைத்த பெயரை இழந்தே வரலாற்றுக்குள் நுழைந்தன.

கிறீனின் நோக்கத்தையும் நாம் மறைக்கவேண்டியதில்லை. நோய் தீர்த்தலோடு தம் சமயத்தைப் பரப்புதலும் அவர் வந்த காரியம். நாட்டு வைத்தியத்தை அவர் மதித்தாரல்லர். அதற்காக, எமது பரிகாரிமார் எல்லாவற்றையும் மக்களுக்கு அள்ளி வழங்கினர் என்று பெருமைபேசவும் எம்மால் இயலாது. வயலும் வாவியும் சூழ்ந்த எமது பகுதியிலே விஷகடி வைத்தியர் இல்லாத ஊர் அரிது. எமக்குத் தெரிந்த முதியவர் ஒருவர் பாம்புக்கடிக்குப் பேர்போனவர். மருந்தைச் சொன்னாற் பலிக்காது என்பது அவர் கொள்கை. பிள்ளைகள் வேறு தொழில் நாடிப் போயினர். ஏட்டுப்பெட்டியைக் கறையான் தின்றது. அந்த ஏடுகளில் மெய் எவ்வளவு, பொய் எவ்வளவு என்று சோதித்துப் பார்க்கும் வாய்ப்பும் அதனோடு போயிற்று. பரராசசேகரம் போன்ற நூல்கள் இன்று எமக்குக் கிடைப்பது, கடந்த நூற்றாண்டிலே ஏழாலை ஐ. பொன்னையபிள்ளை போன்றோர் ஏட்டைத் தேடி அச்சிலேற்றியதனாலன்றோ? பனையோலையிற் பூட்டிவைத்த இரகசியமும் ஆங்கிலத்திற் பூட்டிவைத்த இரகசியமும் நோயாளியின் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒன்றேயாம்.

மருத்துவம் நாளுக்கு நாள் வளர்வது, அதனை உலகமொழியிற் கற்பதே தகும் என்பர் சிலர். இதனை எள்ளி ஒதுக்க நாம் துணியோம். எமது மாணவர் தமிழில் விஞ்ஞானம் கற்று, மருத்துவ பீடத்துள் நுழைந்ததும் ஆங்கிலத்துக்கு மாறுகின்றனர். அதனால் அவர்கள் கெட்டுவிடவில்லை. வைத்தியர் எம்மொழியிலும் கற்கட்டும். கற்றதை நோயாளியின் மொழியில் அவர் கையிற் கொடுப்பது வேறொரு கடமை. முன்னதைச் செய்தவர் பின்னதைச் செய்தவராகார். 1987இற் செய்யப்பட்ட அரசியலமைப்புத் திருத்தத்தால் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியாயிற்று. கிளினிக் கொப்பியின் சிவப்பு மைக்கு அச்செய்தி இன்னும் எட்டவில்லை.

இதில் எம்போன்ற தமிழ்ப் பட்டதாரிகளுக்கும் பங்குண்டு என்பதை அம்மாணவியின் வீட்டிலே கற்றோம். விஞ்ஞானம் கற்ற தமிழறிஞரும், 1936இற் சென்னையிலே நடைபெற்ற கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவருமான விபுலானந்த அடிகள் பிறந்த மட்டக்களப்பு மண்ணிலே நின்று, சற்றுப் பெருமிதத்தோடு, ‘உங்களுக்குப் பெனிசிலின் ஒவ்வாமை உண்டு’ என்று அத்தாயாருக்கு விளக்கினோம். அவர் மகளின் முகத்தைப் பார்த்தார். ‘ஒவ்வாமை’ அவருக்கு ஆங்கிலத்திலும் அந்நியமாயிருந்தது. பாடநூற் சொல்லைப் படித்தறிந்த மகளே, ‘அந்த மருந்து உங்கட உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது அம்மா, ஏத்தினா உயிருக்கே ஆபத்து’ என்றாள். முன்பொருமுறை ஊசி போட்டவுடன் உடம்பெல்லாம் தடித்து மூச்சுமுட்டிய நாளை அத்தாயார் உடனே நினைவுகூர்ந்தார். அதை ஏதோ கண்ணூறு என்றே இதுவரை எண்ணியிருந்தாராம்.

கொப்பியின் மேலட்டையிலே, ஆங்கில எழுத்துக்குக் கீழே, மகள் சொன்ன அதே சொற்களைப் பெரிய எழுத்தில் அவளைக்கொண்டே எழுதுவித்தோம். அத்தாயாருக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியும். விரலை வைத்து இரண்டு தரம் வாசித்தார். பின்னர், பக்கத்து வீட்டுப் பெண்ணின் கொப்பியையும் எடுத்துவரச் சொல்லவா என்று எம்மைக் கேட்டார்.