விடவேண்டிய வளைவு

வன்னியில், நெடுங்கேணியிலிருந்து ஒட்டுசுட்டான் பக்கமும் புளியங்குளம் பக்கமும் இன்னும் ஓடுகிற பழைய ஹொண்டாக்களில், விழுந்தெழும்பாத எஞ்சினைக் காண்பது அரிது. விழும்போது அடிபடுவது ஓரங்கள்தான்: பிரேக் லீவர், மூடியின் விளிம்பு, சிலிண்டர் ஹெட்டின் செட்டைகள். பெரும்பாலும் எல்லாம் அலுமினியம்.

*

1990களின் போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது வன்னிக்குள் பெற்றோலும் பற்றரியும் வர விடவில்லை. சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். வளைந்ததற்குப் பதில் புதிது வாங்கும் நினைப்பே யாருக்கும் இருக்கவில்லை. 2002இல் ஏ-9 வீதி திறந்தபின் பாகங்கள் வந்தன. வளைந்ததை எறியாத பழக்கம் மட்டும் கைகளை விட்டுப் போகவில்லை.

*

வளைந்ததை நிமிர்த்தச் சூடாக்கவேண்டும். இரும்பு சூடேறினால் சிவந்து காட்டும். அலுமினியம் காட்டாது. சுத்த அலுமினியம் 660 பாகை செல்சியசில் உருகும். சிலிக்கன் கலந்த எஞ்சின் வார்ப்போ 600ஐ எட்டுமுன்பே இளகத் தொடங்கிவிடும். அதுவரை நிறம் மாறாது, திடீரென்று இடிந்து விழும். அதனால்தான் சுவாலை பிடிக்குமுன் சவர்க்காரத்தால் ஒரு கோடு போடுகிறோம். கோடு கறுத்தால் ஏறக்குறைய 350 பாகை. அந்த இடத்தில் சுவாலையை எடுத்துவிடவேண்டும். பார்ப்பது அலுமினியத்தை அல்ல, சவர்க்காரத்தை.

*

வளைந்த இடம் ஏற்கெனவே இறுகிப்போன இடம். குளிர்ந்த நிலையில் நிமிர்த்தினால் கீறல் விடும். சூட்டோடு, முதிரைக் கட்டையை அணைத்து, தட்டாமல் அழுத்தவேண்டும். கொஞ்சம் நிமிர்ந்ததும் நிறுத்தி, திரும்பவும் கோடு போட்டு, திரும்பவும் சூடாக்கவேண்டும். இந்த வேலையில் அவசரத்துக்கு ஒரு சத்தம் உண்டு. ‘டிக்’ என்று சின்னதாய்க் கேட்கும். கேட்டபின் செய்ய ஒன்றுமில்லை.

*

எல்லா வளைவும் ஒன்றல்ல. ஹெட் சிலிண்டரோடு பொருந்தும் முகம் நேராக இருந்தே ஆகவேண்டும். சிறிய ஹொண்டா எஞ்சின்கள் பலவற்றுக்கு அனுமதி 0.05 மில்லிமீற்றர்தான், தலைமயிரின் தடிப்பும் இல்லை. தடித்த கண்ணாடிமேல் எமரி தாளை விரித்து, எட்டு வடிவில் தேய்த்துத் தேய்த்து அந்த முகத்தைச் சமப்படுத்தலாம்.

பிரேக் லீவரின் கதை வேறு. நிமிர்த்தினால் பார்க்க நேராயிருக்கும், உள்ளே கீறல் இருக்கலாம். உயிர் தொங்குகிற பாகம் அது. எறியவேண்டும்.

செட்டை காற்றுக்குச் சூட்டைக் கொடுப்பது தன் பரப்பினால். வளைந்தாலும் பரப்பு குறைவதில்லை. பக்கத்துச் செட்டையில் ஒட்டிக் காற்றின் வழியை அடைத்தால் மட்டும் விலக்கினால் போதும்.

*

நேராக்கவேண்டியது, எறியவேண்டியது, அப்படியே விடவேண்டியது. மூன்றையும் பிரித்துவிட்டால் வேலை பாதியாய்க் குறையும். பழகக் கடினமானது மூன்றாவதுதான், கண்ணுக்கு வளைவு பிடிக்காது. எஞ்சின்களில் முறிந்து நிற்கிற செட்டைகளில் பல, விழுந்தபோது முறிந்தவை அல்ல. யாரோ அழகாக்கப் பார்த்தபோது முறிந்தவை.