பண்ணும் கண்ணீரும்

திருமயிலைக் கபாலீச்சரத்திற் பங்குனிப் பெருவிழாவின் 8-ஆம் நாள், அங்கம் பூம்பாவையாய் உயிர்பெற்றெழுந்த ஐதிகம் நிகழ்த்தப்பெறும். திருஞானசம்பந்தப் பெருமான் அருளிய பூம்பாவைத் திருப்பதிகத்தை ஓதுவார் சீகாமரப் பண்ணமைய ஓதக் கேட்போருட் கண்ணீர் பெருக்குவாரும் உளர். அக்கண்ணீர் அன்பினால் எழுந்ததோ, செவியின்பத்தால் எழுந்ததோ, அன்றித் தத்தம் இழப்பை நினைந்து எழுந்ததோ? இவ்வினா எளிதிற் கடக்கற்பாலதன்று.

அழுகையென்னும் மெய்ப்பாட்டிற்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன் கூறினார் தொல்காப்பியனார். இசை அவற்றுள் ஒன்றன்று. ஆயினும், இழந்த பொருளொன்றும் இல்லாதாரும் இசை கேட்டு அழுகின்றனர். சொல்லே இல்லாத வீணையொலியும் அழுவிக்கின்றது. ஆதலின், 'கண்ணீர் வந்தது. ஆகவே பத்தி வந்தது' என்று துணிதல் பொருந்தாது. நாதம் சுத்த மாயையின் காரியம், சடம். சடப்பொருள் தானே வீட்டின்பம் தரமாட்டாது.

அற்றேல் இசையினாற் பயனின்றோ எனின், அற்றன்று. ஞாயிறு எழுங்காறும் இருளில் விளக்கு உதவுமாறுபோல, திருவருள் விளங்குங்காறும் ஆன்மாவிற்கு மாயை உதவுவது. ஆணவ மலத்தால் இறுகிய நெஞ்சு இசையால் இளகுகின்றது. ஆன்மாவோ சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது. இளகிய மெழுகில் எவ்வச்சும் பதியும். இளக்குதல் இசையின் தொழில். பதிவது இன்னதென்பது சார்பினால் அமைவது.

இதற்குச் சிவநேசர் வரலாறே சான்றாம். அரவு தீண்டி இறந்த மகளின் என்பைக் குடத்திலிட்டுக் காத்த அவரது அழுகை இழவு பற்றியது. பிள்ளையார் அதனைக் கடிந்திலர். ஓணம், கார்த்திகை விளக்கீடு, ஆதிரை, தைப்பூசம் முதலாய மயிலை விழாக்களை ஒவ்வொன்றாக எடுத்தோதி, அவற்றைக் காணாமல் ஏகுதல் தகுமோ என அப்பாவையையே வினவினார். தந்தை மகளை இழந்தமை அங்கே பேசப்படவில்லை. ஓருயிர் இறைவன் விழாவை இழத்தலே பேசப்பட்டது. உயிர்பெற்றெழுந்தவளை மணத்தற்குப் பிள்ளையார் இசைந்திலர். உயிரளித்தமையால் தாம் தந்தைமுறையினர் என்றனர். மகள் மீண்டாள், தந்தையின் பழைய விருப்பம் மீண்டிலது. அவளும் கன்னிமாடத்திருந்து சிவத்தையே சார்ந்தாள்.

ஆகவே, மகவிழந்த தாயொருத்தி இப்பதிகங் கேட்டு அழுவாளாயின், 'இது பாசத்தின் அழுகை' என இகழ்தல் அறமாகாது. சிவநேசரது பாசக் கண்ணீரினிடத்தேதான் திருவருள் வந்து தொட்டது. இகழ்தற்குரியது பிறிதொன்று: தன் கண்ணீரைத் தானே வியந்து, தன்னைச் சுவைஞன் எனவும் பத்தன் எனவும் மதித்துக்கொள்ளும் செருக்கு. அங்கே நெஞ்சு இளகியும் ஆணவமே பதிந்தது.

கோயில்வாயிலைக் கடந்தவுடன் அயலான் துயர் கண்டு அக்கண் நனையாதாயின், உள்ளே நனைந்தது செவியின்பத்தால் என்க. நனையுமாயின், பண் தன் தொழிலை முடித்து அருளுக்கு வழிவிட்டது என்க. பண் நின்றபின் நெஞ்சு எதனைச் சார்ந்து நிற்கின்றதோ, அதுவே அக்கண்ணீரின் பெயராம்.

திருச்சிற்றம்பலம்.